சுவரைத் தடவிப் பார்க்கும் பாடம்

வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேரிடர் வரும். சொல்லிவிட்டுத்தான் வரும். மணி விட்டு விட்டு அடித்தால் பூகம்பம், விடாமல் அடித்தால் தீ என்று பிரின்சிபால் முந்தின வாரமே சுற்றறிக்கை விட்டுவிடுவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் புகுவார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்கிற யோகம் யாருக்கு என்று ஒரு போட்டியே நடக்கும். போட்டோ எடுத்து முடிந்ததும் ஆபத்து நீங்கிவிடும். எல்லாருக்கும் வடா பாவ் கிடைக்கும்.

இந்தக் கூத்தைக் கண்டால் ஈனிட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே ஜியாகிரஃபி எடுத்தே தலை நரைத்தவள் அவள். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவக் கணக்கு அலுவலக வேலைக்குப் பூனா வந்தவர். ஈனிட் பிறந்தது, படித்தது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவது எல்லாம் பூனாவின் கேம்ப் பகுதியில். அதே அலுவலகத்து ஐசக்கைத்தான் கட்டிக்கொண்டாள். மழையும் மண்ணும் பாறையும் அவளுக்கு வெறும் பாடமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் முடிந்துபோயிற்று.

அன்று விடியும் நேரத்தில் முட்டா நதி அவர்கள் வீட்டுக்குள் வந்தது. வாசல் வழியாக வருகிற மரியாதையெல்லாம் ஆற்றுக்குத் தெரியாது. முதலில் பாத்ரூம் துவாரத்தில் கறுப்பாகக் கொப்பளித்தது. ஈனிட் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். துடைப்பம் மிதந்தது. சிங்ஹகட் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில், நீலதாரா சொசைட்டி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், அவர்களுடையது கீழ் வீடு. ஐசக்குக்குச் சர்க்கரையால் வலது கால் முழங்காலோடு போய்விட்டது. சக்கர நாற்காலிக்கு வசதி என்று தேடித் தேடி வாங்கிய கீழ் வீடு அது. அவரைச் சாப்பாட்டு மேஜை மேல் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று அவள் கத்தினாள். மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு மராட்டிப் பையன்கள் வந்து அவரை ஒரு பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கினார்கள். பயத்தில் ஐசக்குக்கு ஹிந்தி மறந்துவிட்டது. "விட்டுராதீங்கய்யா, விட்டுராதீங்க" என்று தமிழில் கெஞ்சினார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் விடவில்லை.

அதற்குப் பிறகு ஐசக் பழைய ஐசக் இல்லை. வெளியே நாலு துளி விழுந்தால் போதும், சக்கர நாற்காலியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஆற்றுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். ஒரு மழைக்காலத்தில் ஆள் பாதியாகிவிட்டார். இன்னொரு மழைக்காலத்தை அந்த வீட்டில் அவர் தாங்கமாட்டார் என்று ஈனிட்டுக்குத் தெரியும். வேறு வீட்டுக்குப் போகவேண்டும். போவதென்றால் இதை விற்கவேண்டும். அவர்கள் சேர்த்துவைத்ததெல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு பள்ளிக்குப் போனவள், பேரிடர் பாடத்தைத் தானே புதிதாக எழுதினாள். பாடப்புத்தகத்தில் வெள்ளத்துக்கு முக்கால் பக்கம்தான் ஒதுக்கியிருந்தது, அதிலும் பாதி படம். எட்டாம் வகுப்புப் பெண்களிடம் அவள் பாறையிலிருந்து ஆரம்பித்தாள். நம் ஊர் நிற்பது கருங்கல்லின் மேல். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கல். அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. பெய்ததெல்லாம் ஓடத்தான் செய்யும். ஓடுவதற்கு இருந்த ஓடைகளை மூடி நாம் பார்க்கிங் கட்டிவிட்டோம். மேலே கடக்வாஸ்லா அணை நிறைந்தால் மதகைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால் ஆறு தன் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். அதன் பழைய இடம் இப்போது நம் வீட்டு ஹால்.

பிறகு, வீட்டைப் பார்த்து வெள்ளம் வந்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் உயிரை விட்டார்கள். ஸ்விட்ச்போர்டு எங்கே இருக்கிறது பார். எட்டாத உயரத்தில் இருந்தால் ஏன் என்று கேள். கதவு நிலையின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா பார். பாத்ரூம் துவாரத்துக்குப் புதிதாக மூடி போட்டிருக்கிறார்களா பார். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நட. பெயின்ட் கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது. வகுப்பு முழுக்க எழுந்து சுவரோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்து வகுப்பு மராட்டி டீச்சர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா என்ன பண்ணணும்?" என்று ஈனிட் கேட்பாள்.

"சொல்லணும்!" என்று வகுப்பே கத்தும்.

இதெல்லாம் மிஸ் புத்தகத்தில் படித்தது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தன் வீட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வீடு விற்பனைக்கு இருந்தது.

விற்பனைக்கு இருந்ததே தவிர விற்கவில்லை. வந்தவர்களெல்லாம், வெள்ளத்துக்குப் பிறகு தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்த ஸ்விட்ச்போர்டுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று போனார்கள். ஏஜென்ட் ஒரு நாள் பொறுமையிழந்து ஹிந்தியில் சொன்னான்: ஆன்ட்டி, இதைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடக் கேட்கும், ஏன் இவ்வளவு உயரம் என்று. கீழே இறக்கிவிடுங்கள். பூசி பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவன் போனதும் ஈனிட் சொன்னாள், "இது சரியில்லங்க."

"எது சரியில்ல?" ஐசக் நாற்காலியைத் திருப்பினார். "நான் அந்த மேஜை மேல பொணமாட்டம் கிடந்தது சரியா?"

"வாங்க வாறவங்களும் மனுஷங்கதான."

"அப்ப நான் யாரு? இன்னொரு தடவை என்னைத் தூக்க யாரு இருக்கா சொல்லு. அந்தப் பையனுவளும் வேலை கிடைச்சு போயிட்டானுவ. நீ போய்ப் பாடம் எடு. வீட்டை நான் பாத்துக்கிடுதேன்."

அவளுக்குப் பதில் இருந்தது. ஆனால் அவர் அதற்குள் நாற்காலியை ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார். அவள் பாடம் எடுக்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது எலக்ட்ரீஷியன் வேலையை முடித்திருந்தான். பழைய பெட்டிகள் இருந்த சதுரங்களை அடைத்து, தேய்த்து, சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பல நாள் வரைக்கும் விளக்குப் போடப் போன அவள் கை பழக்கத்தில் மேலேயே போய்த் துழாவிற்று. துழாவுகிற இடத்தில் சுவர் மட்டும் லேசாக மேடு தட்டியிருந்தது.

தீபாவளி லீவு முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு ஸ்ரீரஞ்சனியின் அப்பா பத்மநாபன் வங்கி அதிகாரி. கும்பகோணத்துக்காரர். மாற்றலாகி வந்து, வாடகை வீடு மாற்றி மாற்றி அலுத்துப்போனவர். மகளின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மேடம், நீலதாரால ஒரு வீடு இருக்குன்னு ஏஜென்ட் சொன்னான். ஓனர் பேர் ஐசக், சம்சாரம் டீச்சர்னான். விசாரிச்சா, அட, நம்ம ரஞ்சுவோட மிஸ்ஸுன்னா அது! சொல்லவே இல்லையே நீங்க."

ஈனிட் மார்க் ஷீட்டை மூடினாள். "சார், அது ஆத்துக்குப் பக்கம். கீழ் வீடு வேற. மழைக்காலத்துல ரொம்பப் பாத்துக்கிடணும்."

"தெரியும் மேடம். நெட்ல பாத்தேன், அந்தப் பக்கம் தண்ணி வந்ததா போட்டிருந்தது. ஏஜென்ட்டைக் கேட்டேன், வாசல் கேட்டோட நின்னுடுத்துங்கறான். அவன் சொல்றதை நான் நம்பறதா இல்லை. ஆனா வெள்ளத்தைப் பத்திப் பாடம் எடுக்கறவா நீங்களே அங்க குடியிருக்கேள். அதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும் சொல்லுங்கோ? ரஞ்சு ஸ்கூல் விட்டு ஆத்துக்கு வந்தா உங்க பாட்டுதான். மிஸ் அதைச் சொன்னா, மிஸ் இதைச் சொன்னான்னு. அதுவும் நம்ம தமிழ்க்காரா."

ஈனிட் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த பெற்றோர் நாற்காலியைச் சரசரவென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நல்லவேளை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள். எந்த ஏஜென்ட்டாலும் விற்க முடியாத வீட்டை அவள் பாடம் விற்றுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்க்க வந்தார்கள். ஐசக் தேய்த்த சட்டை போட்டு, மடியில் போர்வை போர்த்திக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து வரவேற்றார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஈனிட் பேக்கரியில் கேட்டு முட்டையில்லாத கேக் வாங்கி வைத்திருந்தாள். ஸ்ரீரஞ்சனியின் அம்மா பார்கவி சமையலறை மூலையைப் பார்த்ததுமே சுவாமி அலமாரியை அங்கே வைத்துவிட்டாள், மனதுக்குள். பத்மநாபன் ஜன்னலைத் திறந்து, "காத்து பாரு, காத்து" என்றார்.

"ஆத்தங்கரைக் காத்து சார், வேற எங்க கிடைக்கும்?" என்றார் ஐசக்.

"இந்த ரூம் ரஞ்சுவுக்கு" என்றாள் பார்கவி.

ஈனிட் டீத் தட்டோடு ஹாலுக்கு வந்தபோது ஸ்ரீரஞ்சனி சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்து வந்தாள். சந்தேகப்பட்டு அல்ல. அந்தப் பாடத்துக்குப் பிறகு பாதிப் பிள்ளைகளுக்கு அது பழக்கமாகவே போய்விட்டிருந்தது. பள்ளி வராந்தாவில்கூட அப்படித்தான் நடந்தார்கள். விளையாட்டாக மேலே உயர்த்திய கை அவள் தலைக்கு மேல் ஒரு இடத்தில் நின்றது. ஒரு அடி பின்னால் போய் மறுபடி தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். அந்தச் சதுரத்தின் நாலு ஓரத்தையும் விரல் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது. பிறகு குனிந்து கதவு நிலையின் அடியைப் பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய்விட்டு வந்தாள். ஒன்று விடாமல், சொல்லிக்கொடுத்தபடியே.

நிமிர்ந்தபோது அவள் கண்ணும் ஈனிட்டின் கண்ணும் சந்தித்தன. ஈனிட் டீத் தட்டை மேஜை மேல் வைத்தாள்.

"என்னடி அங்க?" என்றாள் பார்கவி.

ஸ்ரீரஞ்சனி ஐசக்கைப் பார்த்தாள். போர்வை நழுவி, கால் இல்லாத பக்கத்துப் பேன்ட் மடித்து ஊக்கு குத்தியிருந்தது தெரிந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"சுவத்துல கை வைக்காதே. புதுப் பெயின்ட்."

மறுநாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் ஈனிட் தனியாக இருந்தபோது ஸ்ரீரஞ்சனி வந்து நின்றாள். இதற்காகத்தான் ஈனிட் காத்திருந்தாள். அவள் திட்டினால் நல்லது, அழுதால் நல்லது, அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்றால் எல்லாவற்றையும்விட நல்லது. அந்தப் பெண் முகத்தில் கோபமே இல்லை. கணக்கைப் போட்டுவிட்டு விடை சரியா என்று கேட்க வருகிற முகம் அது.

"மிஸ், அந்த வீட்டுல வாட்டர் வந்திருக்கு, இல்ல? ஸ்விட்ச் எல்லாம் முன்னாடி மேல இருந்திருக்கு. நான் ஃபீல் பண்ணேன்."

"சரியாத்தான் சொல்லுத" என்றாள் ஈனிட். டீச்சர் வாய், தானாக வந்துவிட்டது.

ஒரு கணம் அந்த முகம் மலர்ந்தது. உடனே சுருங்கிற்று. "அப்பாட்ட சொல்லட்டுமா?"

ஈனிட் மேஜை மேல் இருந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"சொன்னா அப்பா வாங்க மாட்டா. அப்புறம் ரெய்ன் வந்தா அங்கிள் எப்படி மிஸ் வெளில போவார்?"

ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. வகுப்பே கத்துகிற வார்த்தை. அதைச் சொல்ல ஈனிட்டுக்கு நாக்கு எழவில்லை. மேஜை மேல் கிடந்த ஐசக் கண்ணுக்குள் வந்தார். தண்ணீரில் மிதந்துபோன அவருடைய ஒற்றைச் செருப்பு வந்தது. பெல் அடித்தது.

"பெல் அடிச்சாச்சு. கிளாஸுக்குப் போம்மா."

ஸ்ரீரஞ்சனி கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். சொல்லாதே என்று நான் சொல்லவில்லையே என்று ஈனிட் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் படி இறங்குவதற்குள் செத்துப்போயிற்று.

பொங்கலுக்குள் பத்திரம் பதிந்தாயிற்று. பத்மநாபன் பெட்டி நிறையப் பூந்தி லட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஈனிட்டும் ஐசக்கும் ஆற்றிலிருந்து தள்ளி வானவடிப் பக்கம், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். முதல் வாரத்திலேயே ஐசக் குறட்டை விட்டுத் தூங்க ஆரம்பித்தார். பக்கத்தில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அழுகையாக வந்தது. சந்தோஷம்தான். வெட்கமும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் ஒவ்வொருத்தியும் எழுந்து, தான் பார்த்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருத்தி அத்தை வீட்டில் ஃப்ரிட்ஜ் ஏன் கல்மேடை மேல் நிற்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். இன்னொருத்தி ஹடப்சர் பக்கத்துத் தையல் கடையில் தண்ணீர்க் கோட்டைப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்கியிருந்தாள். வகுப்பு சிரித்தது. ஸ்ரீரஞ்சனியின் முறை வந்தது. அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தாள். நாங்கள் புது வீட்டுக்குப் போயிருக்கிறோம், எல்லாச் சுவரையும் பார்த்தேன், ஒரு அடையாளமும் இல்லை.

"கையால் தடவிப் பார்த்தியா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"தடவியும் பார்த்தேன்."

"குட். உட்கார்" என்றாள் ஈனிட்.

அந்தப் பெண் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு யாரும் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இந்தப் பள்ளியில்தான், ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஈனிட் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் எடுத்த பாடங்களிலேயே ஒழுங்காக மண்டையில் ஏறின பாடம் அதுதான்.

ஜூன் வந்தது. ஸ்ரீரஞ்சனி ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். ஜூலையில் மழை பிடித்தது. மலைப் பக்கம் விடாமல் கொட்டிற்று. ஒரு நாள் மத்தியானம் பள்ளிகளை மூடிவிட்டார்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஈனிட்டின் போனில், கடக்வாஸ்லாவில் தண்ணீர் திறப்பதை அதிகப்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மறுபடி இன்னொன்று. எவ்வளவு திறந்தால் எவ்வளவு நேரத்தில் எந்தப் படியை நனைக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்தாள்.

"யாருக்குப் பண்ணுத?" என்றார் ஐசக். "வித்தாச்சுல்லா? இப்பப் போய் எதையாவது உளறி வைக்காத."

அவள் அவரைப் பார்க்காமல் பால்கனிக்குப் போனாள். பத்மநாபன் எடுத்தார். பின்னால் பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ மேடம். ஆமா, மழை ஜாஸ்திதான். உங்க ஸ்டூடன்ட் இங்க வீட்டையே பிரட்டிப் போட்டுண்டிருக்கா. சர்டிஃபிகேட், மருந்து, கிரைண்டர், ஒண்ணு பாக்கியில்லை, எல்லாத்தையும் பரண்ல ஏத்தியாச்சு. உங்க பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். கேட்டோட நின்னுடும்டின்னா கேக்க மாட்டேங்கறா."

"நிக்காது சார்."

"என்ன சொல்றேள்?"

"கேட்டோட நிக்காது. எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. என் நெஞ்சளவுக்கு வந்துச்சு. அவரை மேஜை மேல போட்டு வச்சிருந்தேன். அதுக்கப்புறம் ஸ்விட்ச்சையெல்லாம் நாங்க மேல ஏத்தினோம். விக்கணும்னு திரும்பக் கீழ இறக்கினோம். எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணினோம் சார். இப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டு, பிள்ளையையும் பார்கவியையும் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போங்க. உடனே போங்க."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு போன் வைக்கப்பட்டது.

அவர்கள் மாடிக்குப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆறு உள்ளே வந்து, இடுப்பளவு நின்று, இரண்டு நாள் தங்கிவிட்டு, சேற்றை வைத்துவிட்டுப் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரண் மேல் இருந்த எதுவும் நனையவில்லை. அந்தச் சேதி கேட்டு ஈனிட் முழங்கால் போட்டு ஜெபித்தாள். ஆனால் ஜெபத்தில் நன்றி என்ற சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் கூசிற்று.

பள்ளி திறந்த அன்று பத்மநாபன் வாசலில் நின்றார். பேன்ட் விளிம்பில் சேறு காய்ந்திருந்தது. பல நாள் தூங்காத முகம். ஈனிட் நேரே அவரிடம் போனாள். போலீஸானாலும் கோர்ட்டானாலும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். உள்ளுக்குள் அதை அவள் விரும்பவும் செய்தாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க சார். வாங்கிக்கிடுதேன்."

"சொல்லி என்ன ஆகப்போறது?" அவர் குரலில் சூடே இல்லை. "பார்கவி அழுது ஓஞ்சுட்டா. நான் முதல் நாள் உங்களைச் சபிச்சேன். ரெண்டாம் நாள் கோர்ட்டுக்குப் போகலாம்னு நெனச்சேன். கோர்ட்ல போய் வெள்ளம் வர வீடுன்னு நானே எழுதிக்குடுத்துட்டா, அப்புறம் அதை யார் வாங்குவா?"

ஈனிட்டுக்கு முதலில் புரியவில்லை.

"இந்த வீட்டை நானும் யார் தலையிலயாவது கட்டித்தானே ஆகணும், மேடம். பொண்ணை வச்சுண்டு வருஷா வருஷம் மாடிக்கு ஓட முடியுமா? ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்கோ. போன்ல என்கிட்ட சொன்னேளே, அதை வேற யார்ட்டயும் சொல்லிடாதேங்கோ." ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வரவா கேட்டா உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். ஜியாகிரஃபி டீச்சர் இருந்த வீடுன்னு. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு."

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஈனிட் அந்த வெயிலில் நின்றாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நம்பியிருந்தாள். பாரம் இன்னொருத்தர் தோளுக்குப் போனது, அவ்வளவுதான். அவர் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோளைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில், புது எட்டாம் வகுப்புக்குப் பாறைப் பாடம் எடுத்து முடித்து வெளியே வந்தபோது ஸ்ரீரஞ்சனி வராந்தாவில் காத்திருந்தாள். உயரமாகியிருந்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வராந்தாவில் நடக்கும்போது அவள் கை இப்போதெல்லாம் சுவரைத் தொடுவதில்லை என்பதை ஈனிட் சில நாளாகவே கவனித்திருந்தாள்.

"மிஸ், வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. ஸ்விட்ச் எதையும் மேல ஏத்தலை. அங்கயே இருக்கட்டும்னு அப்பா சொல்லிட்டா."

"சரி."

"சண்டே ஒரு ஃபேமிலி பார்க்க வரா. நாக்பூர்லேர்ந்து வந்திருக்கா. என்னை ரூம்லயே இருக்கச் சொல்லியிருக்கா. யாராவது ஏதாவது கேட்டா சிரிக்கணுமாம். சுவத்தைத் தொடக்கூடாதாம்."

ஈனிட் கையில் இருந்த சாக்பீஸைப் பெட்டியில் போட்டாள். இப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் போய் எந்த வீட்டில் படுப்பாள்? அடுத்த ஜூலையில் எந்தப் பரணில் எதை ஏற்றுவாள்? அவள் சாக்பீஸ் பெட்டியை மூடினாள்.

ஸ்ரீரஞ்சனி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். மிஸ்ஸுக்கு எதற்கோ பயம் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"அவாளுக்கும் ஒரு பொண்ணு இருக்கா, மிஸ். சிக்ஸ்த் படிக்கறா" என்றாள் மெதுவாக. "ஆனா நம்ம ஸ்கூல் இல்லை. அவளுக்குத் தடவிப் பார்க்கத் தெரியாது."

ஆறுதலாக ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.